உங்களுக்குத் தெரியுமா? பத்துக்குப் பத்தில் எத்தனை ரூம்!

ஹாங்காங்கில் கேரி சாங் என்றொரு கட்டடக் கலைஞர். அவருடைய ஃபிளாட் மொத்தமே 344 சதுர அடி. கூரையில் தண்டவாளம் பதித்து, சுவர்களை அதில் தொங்கவிட்டிருக்கிறார். இப்படித் தள்ளினால் கிச்சன். அப்படித் தள்ளினால் குளியலறை. ஒரே வீட்டை எத்தனை விதமாக மாற்றுகிறார் தெரியுமா? 24 விதம்!

இன்னொன்று கேளுங்கள். அதே ஃபிளாட்டில்தான் சின்ன வயதில் அப்பா, அம்மா, மூன்று தங்கைகளோடு வளர்ந்தார். போதாததற்கு உள்ளேயே ஒரு வாடகைக்காரர் வேறு. ஆக 7 பேர்! இதை வடசென்னைக் கொருக்குப்பேட்டையில் சொல்லிப் பாருங்கள். "ஏழே பேரா?" என்பார்கள்.

சும்மா சொல்லவில்லை. ரயில்வே கேட் திறந்ததும் அந்தப் பக்கம் போய் ஏதாவது ஒரு சந்துக்குள் நுழையுங்கள். ஒரு போர்ஷன். பத்துக்குப் பத்து ஹால், மூலையில் ஓர் அடுப்படி. அவ்வளவுதான் வீடு. விடிகாலை தண்ணீர் வரும் நேரத்தில் அது தண்ணீர் குடோன். பச்சை, நீலம், ஆரஞ்சு என்று குடங்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும், மனுஷருக்குக் கால் வைக்க இடமிருக்காது. ஆறரைக்கு அரிவாள்மனை நடு ஹாலுக்கு வரும். இப்போது கிச்சன். ஏழரைக்குக் குறுக்கே கட்டிய கயிற்றில் பழைய புடவையை இழுத்துவிட்டால் டிரெஸ்ஸிங் ரூம். பத்து மணிக்குத் தையல் கடை. எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளுக்குப் போக வேண்டிய பாவாடைகள் மலையாகக் குவிந்திருக்கும். மதியம் சாப்பாட்டு ரூம். சாயங்காலம் டியூஷன். எட்டு மணிக்கு டி.வி. ரூம். ஒன்பதரைக்கு மேல் பாய் விரித்தால் பெட்ரூம். சாமி? அவர் ஷெல்ஃபில். எண்ணிப் பாருங்கள், 8 ரூம்! தள்ளுகிற சுவர் ஒன்றுகூட இல்லை!

அந்தத் தையல் மெஷினைக் கிட்டப் போய்ப் பாருங்கள். வேலை முடிந்ததும் தலையை உள்ளே மடக்கி, பலகையை மூடிவிடுவார்கள். மேலே ஒரு விரிப்பு. அதற்கு மேல் டி.வி. அல்லது பையனின் புத்தகப் பை. மெஷின் போய் மேஜை வந்தாச்சு! மல்டி பர்ப்பஸ் ஃபர்னிச்சர் என்று ஷோரூமில் எவ்வளவு விலை சொல்கிறார்கள் என்று விசாரித்தீர்களா?

பத்துக்குப் பத்து என்றால் மட்டமா? டோக்கியோவில் 1972-ல் ஒரு கட்டடம் எழுப்பினார்கள். நககின் கேப்சூல் டவர். வடிவமைத்தவர் கிஷோ குரோகவா. மொத்தம் 140 கேப்சூல் வீடுகள். ஒவ்வொன்றும் 10 சதுர மீட்டர். நம் கணக்கில் 108 சதுர அடி! அதற்குள்ளேயே கட்டில், மடக்கு மேஜை, குளியலறை, டி.வி. 2022-ல் இடித்தபோது என்ன ஆச்சு தெரியுமா? கேப்சூல்களைக் காயலான் கடைக்கு மட்டும் அனுப்பவில்லை. சிலவற்றை மியூசியத்துக்கு எடுத்துப் போனார்கள்!

சண்டிகர் நகரத்தைத் திட்டமிட்ட லெ கொர்புசியே தனக்கென்று கட்டிக்கொண்ட விடுமுறை வீடு எவ்வளவு பெரிசு? பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு! 3.66 மீட்டருக்கு 3.66 மீட்டர், ஒற்றை அறை. பிரான்சில், கடலோரத்தில். பிளான் போட 45 நிமிஷம்தான் ஆச்சு என்று அவரே சொல்லிக்கொண்டார். உள்ளே கிச்சனே கிடையாது. பக்கத்திலிருந்த ஹோட்டலுக்கு நேராக ஒரு கதவு வைத்துவிட்டார்! சமையல் தொல்லையே இல்லை. கெட்டிக்காரர்! 2016-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இந்த அறை ஏறியது. அதே பட்டியலில், அதே வருஷம், சண்டிகரின் கேபிடல் காம்ப்ளெக்ஸும் ஏறியது. ஒரு நகரத்தின் கோட்டையும் ஒரு பன்னிரண்டடி அறையும் ஒரே தட்டில்!

இன்னும் சின்னது வேண்டுமா? ஜப்பானில் கியோத்தோ அருகே தாய்-அன் என்றொரு தேநீர் அறை. 16-ஆம் நூற்றாண்டு. தரையில் இரண்டே இரண்டு பாய்! சுமார் 36 சதுர அடி. நம் ஊரில் பாத்ரூமுக்கு விடுகிற இடம். அங்கே அது தேசியப் பொக்கிஷம்!

சரி, சட்டம் என்ன சொல்கிறது? ஒரு மனிதர் புழங்குகிற அறை குறைந்தது 9.5 சதுர மீட்டர் இருக்க வேண்டும் என்கிறது இந்திய தேசியக் கட்டட விதித்தொகுப்பு. அதாவது 102 சதுர அடி. பத்துக்குப் பத்து? 100. வெறும் 2 சதுர அடியில் ஃபெயில்!

சமையலும் சாப்பாடும் ஒரே அறையில் என்றால்? 7.5 சதுர மீட்டர் போதும் என்கிறது அதே தொகுப்பு. தனிக் கிச்சன் மட்டும் என்றால் 5. அப்படியானால் சாப்பிடுவதற்கு ஒதுக்கிய இடம் 2.5 சதுர மீட்டர்தான்! அறையை இணைத்தால் இடம் மிச்சம் என்று அரசாங்கப் புத்தகமே கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டது.

எண்ணூர் ரோட்டில் உங்களை நகரவிடாமல் நிற்கிறதே கண்டெய்னர் லாரி, அதைத் திட்டாதீர்கள். அது ஒரு ரூம்! 20 அடி கண்டெய்னரின் உள்பரப்பு சுமார் 149 சதுர அடி. பத்துக்குப் பத்தைவிட ஒன்றரை மடங்கு! உலகம் முழுக்க ஆபீஸ், ஹோட்டல், ஹாஸ்டல் என்று இதை மாற்றித் தள்ளுகிறார்கள். இந்தியாவிலேயே கண்டெய்னருக்கென்று முதல் தனி முனையம் திறந்த துறைமுகம் எது? நம்ம சென்னை. 1983!

இந்தியாவில் மடக்கிப் போடுகிற அறையைக் கரைத்துக் குடித்தவர்கள் எங்கே இருக்கிறார்கள்? பக்கத்துப் பெரம்பூரில்! 1955 அக்டோபர் 2-ல் தொடங்கிய ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில்! ஒரு பழைய ரக ஸ்லீப்பர் பெட்டியின் பரப்பளவு ஏறக்குறைய 745 சதுர அடி. அதற்குள் 72 பேருக்குப் படுக்கை, 4 டாய்லெட், வாஷ் பேசின், நடந்து போக வழி. தலைக்குப் பத்து சதுர அடி!

அந்த மிடில் பெர்த்தை யோசித்தீர்களா? பகலில் முதுகு சாய்கிற பலகை. ராத்திரி இரண்டு சங்கிலியில் மாட்டினால் கட்டில். அதற்கு நேரம்கூட ரயில்வே விதித்திருக்கிறது. இரவு 10 முதல் காலை 6 வரை. ஒரே பலகைக்கு டே டியூட்டி, நைட் டியூட்டி! வீட்டில் இதையே செய்ய ஒரு நல்ல ஆசாரியும் நாலு கீலும் போதும். சுவர் மட்டும் கெட்டியாக இருக்கட்டும், சொல்லிவிட்டேன்.

ரயிலுக்கும் கிச்சனுக்கும் என்ன சம்பந்தம்? நிறைய! உங்கள் வீட்டு மாடுலர் கிச்சனின் பாட்டி ஜெர்மனியில் பிறந்தவள். 1926, ஃபிராங்க்ஃபர்ட் கிச்சன். வடிவமைத்தவர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற பெண்மணி. தொழிலாளர் குடியிருப்புகளுக்காகப் போட்ட டிசைன். எங்கிருந்து யோசனை பிடித்தார்? ரயில் டைனிங் கார் அடுப்படியிலிருந்து! ஏறக்குறைய ஆறே கால் அடி அகலம், பதினோரு அடி நீளம். சுமார் 10,000 வீடுகளில் பொருத்தினார்கள். அந்தப் பெண்மணி எத்தனை வயது வரை வாழ்ந்தார் தெரியுமா? 103 ஆவதற்கு 5 நாள் பாக்கி!

கதவு எவ்வளவு இடம் தின்கிறது என்று அளந்து பார்த்ததுண்டா? மூன்றடி அகலக் கதவைத் திறந்தால் அது கால் வட்டமாகச் சுற்றும் இடம் 7 சதுர அடி! அங்கே ஒரு ஸ்டூல்கூடப் போட முடியாது. வீட்டில் நாலு கதவு என்றால் 28 சதுர அடி காலி! ஸ்லைடிங் கதவோ மடக்குக் கதவோ போட்டுப் பாருங்கள். சுவரை இடிக்காமலே ஒரு கட்டில் போட இடம் கிடைத்துவிடும்!

பத்தடி நீளத் தடுப்புச் சுவர் ஒன்பது அங்குலத்தில் இருக்கிறதா? அதையே நாலரை அங்குலமாக்கினால் மிச்சம் 3.75 சதுர அடி! பாரம் தாங்குகிற சுவர் என்றால் மட்டும் கையே வைக்காதீர்கள். மெட்ராஸ் டெரஸ் போட்ட பழைய வீடுகளில் தேக்கு உத்திரம் முழுக்க அந்தச் சுவர்மேல்தான் உட்கார்ந்திருக்கும். மேஸ்திரி "பாத்துக்கலாம் சார்" என்றாலும் இன்ஜினீயரைக் கூப்பிடுங்கள்.

லாஃப்ட் என்கிறோமே, பரண், அதில் எவ்வளவு பிடிக்கும்? பத்தடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். 40 கன அடி. லிட்டரில் சொன்னால் 1,133! தண்ணீர் கேன் கணக்கில் 56 கேன்! அவ்வளவையும் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு "வீட்டில் இடமே இல்லை" என்கிறோம். பித்தளை அண்டா, கிரைண்டரின் உடைந்த கல், பத்து வருஷத்து கேஸ் புத்தகம். இறக்கித்தான் பாருங்களேன்!

கட்டிலுக்கு அடியில்? ஆறுக்கு நாலு கட்டில், ஓரடி உயரம். 680 லிட்டர். 34 கேன்!

பரண் என்றதும் இன்னொரு கூத்து. நெதர்லாந்தில் யூட்ரெக்ட் நகரில் ரீட்வெல்ட் ஷ்ரோடர் வீடு. 1924. மாடியில் சுவரே கிடையாது, நகர்த்துகிற தடுப்புகள்தான். பகலில் எல்லாவற்றையும் ஒதுக்கினால் ஒரே ஹால். ராத்திரி இழுத்து மூடினால் தனித்தனி ரூம்கள். ஆனால் அந்தக் காலத்துக் கட்டட விதிப்படி இப்படிக் கட்ட முடியாது. என்ன செய்தார்கள்? பிளானில் அந்த மாடிக்கு "பரண்" என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்! அனுமதி கிடைத்தது. அந்தப் பரணுக்கு 2000-ல் யுனெஸ்கோ அந்தஸ்தும் கிடைத்தது! நம்ம ஊர் பிளான் அப்ரூவல் புரோக்கர்கள் தலையில் அடித்துக்கொள்ள வேண்டிய விஷயம்.

அந்த வீட்டைக் கட்டச் சொன்ன திருமதி ஷ்ரோடர் அங்கே எத்தனை வருஷம் குடியிருந்தார்? 1985-ல் கண் மூடும் வரை. 60 வருஷம்!

கட்டிலை மடக்கினால் மேஜை. இதற்கு அமெரிக்காவில் 1885-லேயே பேட்டன்ட் வாங்கியவர் சாரா குட். கறுப்பினப் பெண். சிகாகோவில் ஃபர்னிச்சர் கடை வைத்தார். சின்ன வீட்டுக்காரர்கள் வந்து வந்து "இடம் இல்லையே" என்று புலம்பினார்கள். போட்டார் பாருங்கள் ஒரு டிசைன்! அமெரிக்கப் பேட்டன்ட் பெற்ற முதல் கறுப்பினப் பெண்களில் ஒருவர் ஆகிவிட்டார்!

சுவரில் செங்குத்தாக மடக்கி வைக்கிற கட்டிலுக்கு மர்ஃபி பெட் என்று பெயர். சான்பிரான்சிஸ்கோ வில்லியம் மர்ஃபி 1912 வாக்கில் பேட்டன்ட் எடுத்தது. ஏன் கண்டுபிடித்தார் என்றால், அவருக்கு இருந்தது ஒற்றை ரூம். ஒரு பாடகி மேல் காதல். கட்டில் கிடக்கிற அறைக்குள் ஒரு பெண் வருவது அந்தக் காலத்தில் அவமானம். கட்டிலைச் சுவருக்குள் அனுப்பினார், பெட்ரூம் வரவேற்பறை ஆனது! இப்படித்தான் கதை சொல்கிறார்கள். அந்தப் பெயர் பிற்பாடு எவ்வளவு பிரபலம் என்றால், 1989-ல் அமெரிக்க நீதிமன்றம் "இது இனி எல்லோருக்கும் பொதுப் பெயர்" என்று தீர்ப்பே சொல்லிவிட்டது!

நமக்கு எதற்கு மர்ஃபி? பாய் இருக்கிறது! சுருட்டினால் கதவு மூலையில் நிற்கும். விரித்தால் கட்டில், டைனிங் டேபிள், விருந்தாளிக்குச் சோஃபா. திருநெல்வேலிச் சீமையின் பத்தமடைப் பாய் 1953-ல் எங்கே போனது தெரியுமா? எலிசபெத் ராணியின் முடிசூட்டுக்குப் பரிசாக!

பாய்க்கு அடுத்து கேரம் போர்டு. வடசென்னை வீட்டில் இது இல்லாமலா! ஆடுகிற பரப்பு 74 சென்டிமீட்டருக்கு 74. நாலு பேர் சுற்றி உட்கார்ந்தால் ஹால் முழுக்க ஸ்டேடியம். ஆட்டம் முடிந்ததும் காயை டப்பாவில் போட்டு, பவுடரைத் துடைத்து, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே செருகிவிட்டால் போச்சு. பிடிக்கிற இடம் கையகலம்கூட இல்லை. அவசரத்துக்கு அதையே ஸ்டூல்மேல் கவிழ்த்துத் துணி இஸ்திரி போடுகிறவர்களும் உண்டு. கேரம் மாஸ்டர் பார்த்தால் கொன்றுவிடுவார்!

இந்தச் சின்ன ஹால்கள் என்ன விளைவித்திருக்கின்றன? ஆட்டோ ஓட்டுநரின் மகள், வடசென்னைப் பெண் காசிமா. 2024 நவம்பரில் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பை. தனிநபர், இரட்டையர், குழு. 3 தங்கம்! அவருக்கு முன்பே சென்னையின் மரிய இருதயம் இரண்டு முறை உலக சாம்பியன். 1991, 1995. அதற்கு அர்ஜுனா விருது வேறு!

ஒரே ஹாலை இரண்டாக்க நம்மவர் கண்டுபிடித்த சுவர் எது? பீரோ! குறுக்கே நிறுத்தினால் முன்னால் ஹால், பின்னால் பெட்ரூம். கண்ணாடி வைத்த பக்கம் எந்தப் பக்கம் வருகிறதோ அது டிரெஸ்ஸிங் ரூம். சாமான் வைக்கிற சுவர், நகர்த்துகிற சுவர், பூட்டு போட்ட சுவர்! கோத்ரெஜ் தன் முதல் இரும்பு பீரோவைச் செய்த வருஷம் 1923. யூட்ரெக்ட் வீட்டின் நகரும் தடுப்புக்கு ஒரு வருஷம் முந்தி!

கடல் பக்கத்து வீட்டில் மடக்கு மேஜை போடப் போகிறீர்களா? நில்லுங்கள். காசிமேட்டுக் காற்று இரண்டே மழைக்காலத்தில் சாதாரணக் கீலைத் துருவாக்கிவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கீல் வாங்குங்கள். பிளைவுட்டில் ஐ.எஸ். 710 என்ற முத்திரை இருக்கிறதா பாருங்கள். அது மரைன் பிளைவுட். சோதனைக்கு அதைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு வைப்பார்கள். எவ்வளவு நேரம்? 72 மணி நேரம்! மூன்று நாள் வெந்தும் ஒட்டு விடக்கூடாது!

படிக்கிற ரூம் பூஜை ரூம் ஆன கதை தெரியுமா? ஏழுகிணறு, வீராசாமித் தெரு. படிப்பதற்கென்று ஒரு சிறுவனுக்கு மாடி அறையை ஒதுக்கினார்கள். அவன் சுவரில் ஒரு கண்ணாடியை வைத்தான், விளக்கேற்றினான், எதிரே உட்கார்ந்துவிட்டான். கண்ணாடியில் தணிகை முருகன் தெரிந்தார் என்பார்கள். அந்தச் சிறுவன் 1823-ல் பிறந்த ராமலிங்கம். நம் வள்ளலார்! சின்ன அறையைப் பெரிதாகக் காட்ட எதிர்ச் சுவரில் கண்ணாடி மாட்டுங்கள் என்று இன்டீரியர் டிசைனர்கள் இப்போது ஃபீஸ் வாங்கிக்கொண்டு சொல்கிறார்கள்.

திண்ணை என்ன சாமானியமா? வழிப்போக்கனுக்கு லாட்ஜ், தாத்தாவுக்குப் பெட்ரூம், காலையில் பள்ளிக்கூடம். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பெரிய பையன் சின்னப் பையனுக்குச் சொல்லிக் கொடுப்பான். மணலில் விரலால் எழுதுவார்கள். இதைப் பார்த்து அசந்தவர் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார். எழும்பூர் அநாதை இல்லத்தில் செய்து பார்த்தார். 1797-ல் லண்டனில் புத்தகமே போட்டுவிட்டார். "மெட்ராஸ் சிஸ்டம்" என்று உலகமே பின்பற்றியது! ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் என்றொரு ஊர். அங்கே 1833-ல் திறந்த பள்ளிக்கூடத்தின் பெயர் இன்றைக்கும் மெட்ராஸ் காலேஜ்!

ஹால் மறுபடியும் வகுப்பறை ஆனது எப்போது? 2021 அக்டோபரில். கொரோனாவில் படிப்பு விட்டுப்போன பிள்ளைகளுக்காக "இல்லம் தேடிக் கல்வி". சாயங்காலம் ஐந்து மணிக்கு வீட்டுக் கூடம், மொட்டை மாடி, கோயில் வாசல் எல்லாம் ஸ்கூல். சுமார் 2 லட்சம் தன்னார்வலர்கள்! இத்தனை வகுப்பறைக்கு ஒரு செங்கல்கூட வாங்கவில்லை!

ஒரே கட்டடம் எத்தனை அவதாரம் எடுக்கலாம்? மெரினா ஐஸ் ஹவுஸைப் பாருங்கள். 1842-ல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டிக்குக் குடோன். பிறகு பிலிகிரி அய்யங்காரின் வீடு. 1897-ல் விவேகானந்தர் 9 நாள் தங்கினார். அப்புறம் சகோதரி சுப்புலட்சுமி நடத்திய விதவையர் விடுதி. இன்று கண்காட்சி. சுவர் அதே சுவர்!

செட்டிநாட்டில் அரண்மனை வீடு கட்டினார்களே, கல்யாணமான மகனுக்கு என்ன கொடுத்தார்கள்? வளவு என்கிற உள்முற்றத்தைச் சுற்றி ஓர் அறை! அதில் சாமான், நகை, பெட்டி. சாப்பாடு, தூக்கம், வியாபாரப் பேச்சு, கல்யாணம் எல்லாம் பொதுக் கூடத்தில். ஏக்கர் கணக்கில் வீடு, சொந்த இடம் ஒற்றை அறை!

உத்திரத்தில் ஒரு கொக்கி. அம்மாவின் பழைய காட்டன் புடவை. முடிச்சு போட்டால் தூளி. குழந்தை எழுந்ததும் கழற்றி மடித்தால் தலையணைக்கு அடியில் போய்விடும். கட்டில், தொட்டில் எதுவும் இவ்வளவு சின்னதாக மடங்காது! வீட்டைப் புதுப்பிக்கும்போது ஃபால்ஸ் சீலிங் போட்டு அந்தக் கொக்கியை மூடிவிடுகிறார்கள். பேரன் பிறந்ததும் ஆள் வைத்து உடைக்கிறார்கள்.

ஒரே அறையில் சமைத்து, தைத்து, படித்து, தூங்குவதென்றால் காற்று வேண்டாமா? சென்னை போன்ற புழுக்க ஊரில் ஜன்னல் பரப்பு தரையில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்கிறது விதித்தொகுப்பு. வறண்ட வெயில் ஊருக்குப் பத்தில் ஒன்று போதும். பத்துக்குப் பத்து ரூமுக்கு நம் ஊரில் எவ்வளவு? கிட்டத்தட்ட 17 சதுர அடி ஜன்னல்! உங்கள் வீட்டு ஜன்னலை டேப் வைத்து அளந்துவிட்டு வாருங்கள், நான் காத்திருக்கிறேன்.

அடுக்குக் கட்டில் போடும் ஆசையா? மேல் கட்டிலில் எழுந்து உட்காருகிற பையனின் தலைக்கும் சீலிங் ஃபேனுக்கும் எத்தனை அடி என்று முதலில் பாருங்கள். சுவர் ஃபேன் மாட்டுங்கள். விளையாட்டில்லை.

இண்டக்‌ஷன் அடுப்பு 2,000 வாட். கரண்ட் இழுப்பது ஏறக்குறைய 8.7 ஆம்பியர். சின்ன பிளக்கின் தாக்குப்பிடிப்பு 6! ஒரே ரூமில் எல்லாம் என்றால் பெரிய பிளக் பாயின்ட் இரண்டாவது வையுங்கள். கூடவே 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கரண்டை வெட்டிவிடும் ஆர்.சி.சி.பி. ஒன்று!

மொட்டை மாடிதான் வீட்டிலேயே பெரிய ரூம். காலையில் வடகம், மதியம் துணி, சாயங்காலம் பட்டம், ராத்திரி பாய். ராயபுரம், வண்ணாரப்பேட்டைப் பக்கம் பந்தயப் புறாக் கூண்டும் அங்கேதான்! கீழே ஆளுக்கு ஒரு மூலை, மேலே புறாவுக்குத் தனி வீடு!

அதே மாடி 600 சதுர அடி என்று வையுங்கள். சென்னையில் வருஷத்துக்குச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை. உங்கள் தலைக்கு மேல் விழுகிற தண்ணீர்? 78,000 லிட்டர்! 3,900 கேன்! மழைநீர் சேகரிப்பு தமிழகத்தில் 2003-ல் கட்டாயமாகி எத்தனை வருஷம் ஆச்சு?

தெரு உயர்ந்து வீடு பள்ளமாகிவிட்டதா? இடிக்க வேண்டாம். தூக்கலாம்! வீட்டுக்கு அடியில் நூற்றுக்கணக்கில் ஜாக்கி வைத்து, எல்லாவற்றையும் ஒரே சீராகத் திருகி, மூன்றடி நாலடி உயர்த்திவிடுகிறார்கள். சென்னையில் எத்தனையோ வீடுகள் இப்படி எழுந்து நின்றிருக்கின்றன. வேலைக்கு வருகிற ஆட்கள் பலர் எங்கிருந்து? ஹரியானா!

புதுசாகக் கட்டுகிறவர்களுக்கு ஒரு தகவல். 2,500 சதுர அடிக்குள் மனை, 3,500 சதுர அடிக்குள் கட்டடம், தரைத்தளமும் ஒரு மாடியும். இந்த அளவுக்குள் இருந்தால் 2024 ஜூலையிலிருந்து சுயசான்று கொடுத்து ஆன்லைனிலேயே அனுமதி வாங்கலாம். கொருக்குப்பேட்டையில் கால் கிரவுண்டு, அரை கிரவுண்டுதான் சகஜம். ஒரு கிரவுண்டு முழுசாக இருந்தாலும் 2,400 சதுர அடி. அப்படியும் 100 சதுர அடி மிச்சம்!

பிரதமரின் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டத்தில் ஏழைகளுக்கான வீட்டின் உள்பரப்பு குறைந்தது எவ்வளவு? 30 சதுர மீட்டர். 323 சதுர அடி. அந்த ஹாங்காங் ஃபிளாட்டைவிட 21 சதுர அடிதான் குறைவு! கேரி சாங்குக்கு 24 விதம் கிடைத்ததென்றால் நமக்கு 22-ஆவது கிடைக்காதா?

மும்பையின் பி.டி.டி. சால் குடியிருப்பு 1920-களில் கட்டியது. ஒரு குடும்பத்துக்கு 160 சதுர அடி! நாலு தலைமுறை அதில் பிறந்து, படித்து, கல்யாணம் பண்ணியிருக்கிறது. இடித்துக் கட்டுகிற புது வீட்டில் எவ்வளவு தருகிறார்கள்? 500! மூன்று மடங்குக்கும் மேல்!

சிங்கப்பூர் அடுக்குமாடிகளில் கீழ்த்தளத்தைக் காலியாக விட்டுவைப்பார்கள். வாய்ட் டெக் என்று பெயர். சனிக்கிழமை அங்கே மலாய்க் கல்யாணம். வேறொரு நாள் சீனர் வீட்டு இறுதிச் சடங்கு. மற்ற நேரத்தில் தாத்தாக்கள் செஸ். சுவரே இல்லாத ஒரு தளம், மொத்தக் கட்டடத்துக்கும் ஹால்!

அதே சிங்கப்பூர் வீட்டு வசதி வாரியம் 2024 அக்டோபரில் ஒரு புது ரகத்தை விற்பனைக்கு விட்டது. கிராஃபோர்டு ஹைட்ஸ் திட்டத்தில். பெயர் வெள்ளை ஃபிளாட். உள்ளே பெட்ரூம் தடுப்புச் சுவர் கிடையாது, குறுக்கே உத்திரமும் கிடையாது. எங்கே தூங்குவது, எங்கே உட்காருவது என்று நீங்களே முடிவு பண்ணிக்கொள்ளலாம். பீரோவைக் கையோடு கொண்டு போங்கள்!